கரிக்கோச்சிப் புகையும் குசினிப் புகையும்

லண்டனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா மட்டக்களப்பு ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். நாங்கள் கரிப்புகையில் வளர்ந்த பிள்ளைகள் என்று அடிக்கடி சொல்வார். சித்தப்பாவோ, அந்தக் காலத்து மட்டக்களப்புக் காற்றைப் போலச் சுத்தமான காற்று எங்கேயும் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? ஆஸ்துமா இருக்கிற மகனோடு டிசம்பரில் ஊருக்கு வரலாமா?"

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் அவர் நினைவில் வைத்திருப்பது தவறான புகையை. சித்தப்பா சொல்வது பிழை, ஆனாலும் அவர் அப்படிச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

நானும் அதே நிலையத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, கோட்டமுனைப் பக்கம் பிறந்தவன். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகராக மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் கிணறு, குப்பை, புகை என்று அலைந்து ஓய்வு பெற்றேன். ஆகவே இந்தப் புகையை முதலில் மூக்காலும், பிறகு முறைப்பாட்டுக் கடிதங்களாலும் அறிந்தவன்.

மட்டக்களப்புக்கு ரெயில் பாதை வந்தது 1928இல். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரெயிலைக் கோச்சி என்றார்கள். கரி தின்று ஓடியது கரிக்கோச்சி. இலங்கையில் நிலக்கரி வெட்டுவதில்லை. அத்தனையும் கப்பலில் வந்து இறங்கியது. 1953, 54இலேயே டீசல் என்ஜின்கள் நாட்டுக்கு வந்துவிட்டன. கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடா தந்தவை ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்களோடு ஓடின. ஆனால் டீசல் வந்த கையோடு கரி என்ஜின் மறைந்துவிடவில்லை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய 1960களின் முதற்பாதியிலும் எங்கள் பக்கம் கரிக்கோச்சி வந்துபோனது.

விடியப்புறம் என்ஜினுக்குத் தீ மூட்டுவார்கள். ஆறிப்போன பொயிலரில் தண்ணீர் கொதித்து, வண்டியை இழுக்கிற அளவுக்கு நீராவி சேர மணிக்கணக்காகும். விறகும் எண்ணெயில் நனைந்த பழந்துணியும் போட்டுப் பற்றவைத்து, மேலே கரியைப் பரப்புவார்கள். கரிப்புகை ஆகக் கேவலமாக இருப்பது அந்த நேரத்தில்தான். அடுப்பு இன்னும் சூடேறியிருக்காது, இழுவை பிடித்திருக்காது, கரியிலிருந்து கிளம்பும் ஆவி எரிந்து முடியாமல் அப்படியே குழல் வழியாக வெளியே வரும். மஞ்சளும் கறுப்பும் கலந்த பாரமான புகை. அணைந்த தீக்குச்சியின் நெடி அதில் இருக்கும். நிலக்கரியில் உள்ள கந்தகம்தான் அது. நன்றாகப் பற்றிய பிறகு, கைதேர்ந்த பயர்மேன் கரியை மெல்லிதாகத் தூவிக்கொண்டு போனால், குழலில் வெள்ளை நீராவிதான் அதிகம் தெரியும்.

மாசி, பங்குனி விடியற்காலையில் மட்டக்களப்பில் ஓர் இலை அசையாது. இரவில் தரை குளிர்ந்து, அதோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, மூடி போட்டதுபோல. புகை ஒரு பனை உயரம் போகும். அதற்கு மேல் ஏற வழியில்லாமல் பக்கவாட்டில் பரவி, வாவிக்கு மேலே சாம்பல் நிறப் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். ஒன்பது, பத்து மணிக்குக் கடற்காற்று வந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். சித்தப்பா நினைவில் வைத்திருப்பது பத்து மணிக்குப் பிந்திய மட்டக்களப்பை. உங்கள் அப்பா நேரத்தோடு எழும்புகிற பிள்ளையாக இருந்திருப்பார்.

கோச்சியில் போகும்போது ஜன்னலால் தலையை நீட்டாத பிள்ளை கிடையாது. நீட்டினால் கண்ணில் கரித்துணுக்கு விழும், அதுவும் உறுதி. வாழைச்சேனை தாண்டுவதற்குள் ஒருவராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுவோம். அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, மூடிய கண்ணின் மேல் ஒற்றுவார். நாலைந்து தரம் ஒற்றினால் கண்ணீரோடு துணுக்கு வந்துவிடும். அந்தச் சூடும் அம்மாவின் வெற்றிலை வாசமும் எனக்கு இன்றைக்கும் ரெயிலை நினைவூட்டுகின்றன.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பயர்மேன் இருந்தார். எங்களுக்கு அவர் கோச்சி மாமா. வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் லேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறுவார். வெள்ளை லேஞ்சியில் கட்டைக் கறுப்பு. அதை விரித்து எங்களுக்குக் காட்டி, "உள்ளுக்குப் போனது எவ்வளவெண்டு இதைப் பார்த்துக் கணக்குப் பிடி மனே" என்பார். மாமி அவருடைய உடுப்பை ஊறவைத்த தண்ணீரை வாழைக்குக்கூட ஊற்றமாட்டார்.

அவருடைய கணக்கு பிழை என்று பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூக்கில் மாட்டுவது பெரிய துணுக்கு. அது லேஞ்சியோடு போய்விடும். இன்றைக்குப் பி.எம். 2.5 என்று சொல்கிறார்களே, ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 2.5 பங்கு அல்லது அதைவிடச் சிறிய துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு, அது மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடிப்பைக்குப் போகிறது. லேஞ்சியில் தெரிந்தது உள்ளே போகாதது. உள்ளே போனது எந்த லேஞ்சியிலும் தெரியாது.

இப்போது நீங்கள் இருக்கும் ஊருக்கு வருவோம். 1952 டிசம்பர் 5ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். நான் சொன்ன மட்டக்களப்பு விடியற்காலை இருக்கிறதல்லவா, மேலே மூடி, கீழே குளிர்ந்த காற்று, அசையாத இலை, அதுவே லண்டனில் ஐந்து நாள் நீடித்தது. கடற்காற்று வந்து பாயைச் சுருட்டவில்லை. அப்போது இறந்தவர்கள் சுமார் 4,000 என்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. மின்நிலையமும் ஆலையும் ரெயிலும் புகைத்தன, உண்மைதான். ஆனால் கூரைக்குக் கூரை இருந்த வீட்டுக் கணப்புதான் அந்தப் புகையில் பெரும் பங்கு. நல்ல கரியை ஏற்றுமதிக்கு ஒதுக்கிவிட்டு, மலிவான தூள்கரியைச் சனங்களுக்கு விற்ற காலம் அது. அதனால்தான் 1956இல் வந்த தூய காற்றுச் சட்டம் ஆலைகளோடு நிற்காமல் வீட்டு அடுப்பிலும் கைவைத்தது. குறித்த பகுதிகளில் வீட்டுப் புகைபோக்கியால் புகைவிடக் கூடாது என்று சொன்னது.

வீட்டு அடுப்பு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு லண்டன் ஆகாததற்கு எங்களுடைய சாமர்த்தியம் ஒன்றும் காரணமில்லை. நாளுக்கு வந்துபோன என்ஜின்களை ஒரு கை விரலில் எண்ணலாம். மற்றது காற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வயல் தூசியையும் சேர்த்துக் கடலுக்குத் தள்ளும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று. இடையில் பகலில் கடற்காற்று. ஊரின் நடுவில் நின்ற புகை இரண்டு மணித்தியாலத்தில் ஊரில் இருக்காது.

ஆனால் குசினிக்குள் கச்சானும் வராது, வாடையும் வராது.

எங்கள் வீட்டுக் குசினி வளவின் பின்பக்கம் தனியாக நின்றது. கிடுகுக் கூரை, நெஞ்சளவு மண்சுவர், ஒரு வாசல். அடுப்புக்கு மேலே கம்பியில் விதைச் சோளன் கட்டித் தொங்கும். புகை பட்டால் வண்டு வராது. பக்கத்தில் கருவாட்டுக் கோர்வை. வளையெல்லாம் கீல் பூசியதுபோல் பளபளக்கும் கறுப்பு. கூரையிலிருந்து நூல் நூலாகக் கரி தொங்கும், மழைக்காலத்தில் அது பழுப்புத் துளியாகச் சொட்டும். அம்மம்மா விடிய நாலு மணிக்கு அதற்குள் போவார். ஊதுகுழலை எடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் உப்ப ஊதுவார். ஊதி முடித்ததும் மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமே, இழுத்தது அந்தப் புகையைத்தான். மாரியில் விறகு ஈரமாக இருக்கும். அப்போது பத்து நிமிடம் ஊத வேண்டும். வாசலால் வழியும் புகையைப் பார்த்தால் குசினியே பற்றி எரிகிறது என்று வெளியூர் ஆட்கள் பயந்துவிடுவார்கள்.

அம்மம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் தொய்வு, அதாவது மூச்சிழுப்பு. அப்படித்தான் சொன்னோம். கற்பூரவள்ளிச் சாறு, ஆடாதோடைக் கசாயம், நெஞ்சுக்குச் சூடு. கேட்டால், "பனிக்குணம் மனே, மறுகா சரியாப் போயிரும்" என்பார். ஒரு சுருட்டுக்கூடப் பிடித்ததில்லை (அந்தக் காலத்தில் சுருட்டுப் பிடிக்கிற கிழவிகள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அது வேறு கதை). கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், "எத்தனை வருசம் அடுப்பூதினீங்க ஆச்சி?" என்று கேட்டார். அம்மம்மா சிரித்துவிட்டார். "இதென்ன கேள்வி" என்ற சிரிப்பு. நான் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வயதில் தொடங்கியிருந்தால் அறுபது வருடம், நாளுக்கு மூன்று வேளை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய்ப் புகையால் 2020இல் இறந்தவர்கள் ஏறக்குறைய 32 இலட்சம். இந்தக் கணக்கில் கோச்சி மாமா வரமாட்டார். அம்மம்மா வருவார். ஆனால் ஊரில் புகைக்குள் வேலை செய்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் கோச்சி மாமாவைத்தான் காட்டியிருப்போம். அவருடைய புகைக்கு ஊதல் சத்தம் இருந்தது, ஊரே திரும்பிப் பார்த்தது. அம்மம்மாவின் புகைக்குப் பிட்டு வாசம் இருந்தது.

குப்பி விளக்கையும் சொல்லாமல் விட முடியாது. அரிக்கன் லாம்பின் சிமிலியைத் துடைப்பது வீட்டில் சின்னக் கை உள்ள பிள்ளையின் வேலை. பெரியவர்களின் கை உள்ளே போகாது. சாம்பலும் கடதாசியும் போட்டுத் தேய்த்தால் கையெல்லாம் கரி. ஆனால் அரிக்கன் லாம்பு நல்ல பிள்ளை. மோசம் குப்பி விளக்குத்தான்: ஒரு போத்தல், மூடியில் ஓட்டை, ஒரு திரி. சிமிலி இல்லாததால் சுவாலைக்கு ஒழுங்கான காற்று கிடைக்காது. இப்படிப்பட்ட விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 100க்கு 7 முதல் 9 பங்கு தூய கரித்துகளாகவே வெளியே வருவதாக அளந்திருக்கிறார்கள். 1990க்குப் பிறகு யுத்தத்தால் நாங்கள் மின்சாரமில்லாமல் கிடந்த வருடங்களில் என் பிள்ளைகள் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்துதான் படித்தார்கள். ஒரு நாள் காலையில் மகனின் மூக்கைத் துடைத்துவிட்டேன். துணியில் அதே கட்டைக் கறுப்பு. அந்த நாட்களில் ஊருக்கு ரெயிலே வரவில்லை.

அப்புறம் அம்பாறைப் பக்கத்துக் கதை. பெரியம்மா வீடு கல்முனையில். பள்ளி விடுமுறைக்கு அங்கே போவோம். அவர்கள் வளவுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்க வேண்டுமே, அதற்கு எரிப்பது உமி. இலவசமாகக் கிடைக்கும் எரிபொருள்: 100 கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி மிஞ்சும். அந்த உமி எரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள். நன்றாக எரிந்தால் வெள்ளைச் சாம்பல். அவசரத்தில் அள்ளிப்போட்டு எரித்தால் கறுப்புக் கரி, படகு மாதிரி வளைந்த குட்டிக் குட்டி உமிக்கரி, காற்றில் மிதந்து வந்து விழும்.

அறுவடை முடிந்து ஆலை ஓடுகிற நாளில் பெரியம்மா கொடியில் வெள்ளை உடுப்புக் காயப்போட மாட்டார். தவறிப்போய்ப் போட்டால் பள்ளிக்கூடச் சட்டையில் புள்ளி புள்ளியாக இருக்கும். தட்டினால் போகும், தேய்த்தால் கோடு விழும், அதனால் அதைத் தொடாமல் வாயால் ஊதி எடுப்பார். கிணற்றில் வாளியை இறக்குவதற்கு முன் வாளியின் அடியால் தண்ணீரின் மேற்பரப்பை இரண்டு தட்டுத் தட்டுவார். மிதக்கிற கரி ஒதுங்கும். பெரியப்பா அந்த ஆலைக்குத்தான் நெல் கொடுத்தார். யாரிடம் போய் முறையிடுவது? காலையில் அதே உமிக்கரியை உப்போடு சேர்த்து அரைத்துப் பல் தேய்த்தோம். கறுப்பாகத் துப்பி, யாருடைய எச்சில் அதிகக் கறுப்பு என்று மச்சான்மாரோடு போட்டி வேறு.

பிறகு உத்தியோகத்தில் இருந்தபோது இதே முறைப்பாடு கடிதமாக வந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இப்படியான ஆலைகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். புகையைச் சுழலவிட்டுச் சாம்பலைக் கீழே விழுத்தும் ஒரு கூம்பு இருக்கிறது, பெயர் சைக்லோன். 1978 நவம்பர் சூறாவளியில் கூரையை இழந்த ஒரு முதலாளியிடம் இதைச் சொல்லப்போய், "ஒரு சைக்லோன் பார்த்தது போதும் ஐயா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் பொருத்தினார். அதற்குப் பிறகும் மெல்லிய துகள் போகத்தான் செய்யும், சுழற்சியில் விழுவது பெரியதுதான். லேஞ்சிக் கதையேதான் திரும்பவும். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை காயப்போட்டார், அதுவே பெரிய விஷயம்.

இன்றைக்கு நாட்டில் நிலக்கரி எரியும் பெரிய இடம் மேற்குக் கரையில் உள்ள நுரைச்சோலை மின்நிலையம். 2011இல் தொடங்கியது, மூன்று அலகும் சேர்த்து 900 மெகாவாட். எங்கள் கிழக்குக் கரையில் சம்பூரில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டார்கள், 2016இல் கைவிட்டார்கள். ஆக மட்டக்களப்பில் இன்று நிலக்கரிப் புகை என்று உள்ளூரில் எதுவும் இல்லை.

ஆனால் சித்தப்பா நம்புகிற அந்தக் காற்று இருக்கிறதே, அது கொண்டுபோவதோடு கொண்டுவரவும் செய்யும். 2022 டிசம்பர் தொடக்கத்தில் வங்கக் கடலில் மாண்டஸ் புயல் சுழன்ற நாட்களில், இந்தியாவின் மேலிருந்த மாசு வாடையோடு சேர்ந்து இங்கே இறங்கியது. மதியத்திலும் வெயில் மங்கலாக விழுந்தது. டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அன்று நான் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தேன். வாவியின் மறுகரை பழைய படம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. முந்திக் கரி கப்பலில் வந்து இங்கே எரிந்தது. இப்போது அங்கே எரிந்து, புகையாகவே வந்து சேருகிறது.

சரி, மகனுடைய விடயம். தாராளமாக வாருங்கள். டிசம்பரில் வழக்கமாக மழையும் வாடையும் இருக்கும், காற்று பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 2022 மாதிரியான நாட்கள் எப்போதாவதுதான். வருவதற்கு முன் செல்பேசியில் காற்றுத் தரத்தைப் பாருங்கள். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம் பி.எம். 2.5 என்பது இலங்கையின் எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. ஆஸ்துமாப் பிள்ளைக்கு நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். இன்ஹேலரையும் வழக்கமான மருந்தையும் கையோடு கொண்டு வாருங்கள், புறப்படும் முன் உங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவனுக்கு இங்கே ஆபத்து தெருவில் இல்லை, வீட்டுக்குள். நுளம்புச் சுருளைப் பூட்டிய அறையில் கொளுத்த விடாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. நுளம்பு வலை வாங்குங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாமியார் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள். விறகடுப்பில் அவித்த பிட்டுத்தான் ருசி என்று அப்பா அடம்பிடிப்பார், சாப்பிடுங்கள், ஆனால் அவிக்கிற இடத்தில் மகனை உட்காரவைக்க வேண்டாம்.

பின்னேரம் ஐந்தரை போல ஜன்னலைச் சாத்துங்கள். அக்கம்பக்கத்து வளவுகளில் சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துகிற நேரம் அது. ஏழு மணிக்குத் திறக்கலாம்.